பகல் பன்னிரண்டரை மணி ரத்தம்

வெள்ளையடிக்க வந்தவர் படுக்கையறையிலிருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா, ஜன்னலுக்கு மேல நாலு ஆணி துருப்புடிச்சு நிக்குது. புடுங்கிட்டு அடிச்சிடட்டுமா?"

அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடினேன். கறுப்புக் கம்பளி மாட்டியிருந்த ஆணிகள். நீ ஒருநாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த ஆணிய அடிச்ச அன்னைக்கே உங்க வீட்டுல ராத்திரியும் பகலும் எடம் மாறிடுச்சிடி" என்றாயே, அதே நாலு ஆணிகள். "இருக்கட்டும், விட்டுடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஆணிகளைச் சுற்றிச் சுற்றி மட்டையை இழுத்தார். சுண்ணாம்பு வாசனையோடு நீயும் வீட்டுக்குள் வந்துவிட்டாய்.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. அப்போதே எழுத நினைத்த கடிதம் இது. கல்லூரியில் ரெக்கார்டு நோட்டைக் கடைசி நாள் சாயங்காலம் நீட்டுகிறவள்தானே நான்? "நீ எதையும் மணி அடிச்சப்புறம்தான்டி குடுப்பே" என்று சிரிப்பாய். இதையும் மணி அடித்த பிறகுதான் கொடுக்கிறேன்.

விலங்கியல் வகுப்பில் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. யானைக்கால் நோயின் புழுவைப் பென்சிலால் வரைந்தபோது உன்னைவிட எனக்கு ஒரு மார்க் கூட. 'குட்டிப் புழுக்கள் இரவு நேரத்தில் மட்டும் மேல் ரத்தத்துக்கு வரும், ஆகவே இரவில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்' என்று இருவரும் ஒரே மாதிரி மனப்பாடம் செய்து ஒரே மாதிரி எழுதினோம். படிப்பு முடிந்ததும் நீ பயிற்சி எடுத்து ஃபைலேரியா கிளினிக்கில் டெக்னீஷியனாகச் சேர்ந்தாய். நான் மில் எலெக்ட்ரீஷியன் ஒருவருக்குக் கழுத்தை நீட்டி, உழவர்கரைப் பக்கம் இந்த வீட்டுக்கு வந்தேன். புழு எனக்கு ஒரு மார்க்கோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

வந்த அன்றே அத்தையின் காலைப் பார்த்தேன். வலது கால், முழங்காலுக்குக் கீழே, தூண் மாதிரி. புடவையை எப்போதும் ஒரு சாண் கூடுதலாக இறக்கிக் கட்டியிருப்பார். கூடம் பெருக்கும்போது அந்தக் காலை முதலில் நகர்த்தி வைத்துவிட்டு, பிறகு உடம்பை நகர்த்துவார். என் மாமியார் என்னை ஒரு சொல் கடுமையாகச் சொன்னதில்லை. ஆனாலும் மகள் பிறந்த பிறகு நான் அவரிடம் குழந்தையைக் கொடுக்கவில்லை. தொட்டால் ஒட்டாது, கொசுதான் பரப்பும் என்று பரீட்சையில் எழுதியவள். இருந்தும் அவர் கை நீட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு வேலை வந்துவிடும். பால் கொடுக்கணும், ஈரம் மாற்றணும், தூங்க வைக்கணும். எங்கே தூங்க வைப்பேன் தெரியுமா? இரவெல்லாம் மில்லில் வேலை பார்த்துவிட்டு வந்து, ஜன்னலில் கம்பளி மாட்டிய இருட்டறையில் தூங்குகிற என் வீட்டுக்காரர் பக்கத்தில். அதுதான் பத்திரமான இடம் என்று.

அவருக்கு அப்போது நிரந்தரமாக இரவு ஷிப்ட். ராத்திரி சங்குக்குப் போனால் காலையில் இட்டிலி வேகும் நேரத்துக்கு வருவார். லீவு நாளில்கூட ராத்திரியில் தூக்கம் வராமல், ரேடியோவைப் பிரித்துப்போட்டு மாட்டிக்கொண்டிருப்பார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவருக்குக் குளிர் ஜுரம் வர ஆரம்பித்தது. தொடை இடுக்கில் நெறிகட்டும். அங்கிருந்து காலில் ஒரு சிவப்புக் கோடு கீழே இறங்கும். தெருமுனை டாக்டர் ஊசி போடுவார், மூன்று நாளில் எல்லாம் அடங்கிவிடும். மூன்றாவது தடவை ஜுரம் வந்தபோது அத்தை கதவோரம் நின்று அந்தக் கோட்டைப் பார்த்தார். "எனக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலை நகர்த்தி, உடம்பை நகர்த்திப் போய்விட்டார்.

அன்று முதல் என் வீட்டுக்காரர் கால்களை நான் தினமும் கண்ணால் அளந்தேன். செருப்பு இறுக்குகிறதா? சாக்ஸ் தடம் ஆழமாகப் பதிகிறதா? ஒரு கால் வீங்கிவிட்டால் பிறகு வடியாது என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். உன்னிடம் ஓடி வந்தேன். நீ உங்கள் ஆட்களோடு ராத்திரி பதினொரு மணிக்கு மில் வாசலுக்கே போய், ஷிப்டில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி விரல் குத்தினாய். அவர் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் எடுத்தீர்கள். மறுபடியும் 'இல்லை'.

அந்த இரண்டு சீட்டுகளையும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, சேமியா பாயசம் காய்ச்சி, உன்னை அழைத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு நீ உட்கார்ந்தாய். படுக்கையறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. பட்டப்பகலில் உள்ளே கும்மிருட்டு.

"என்னாடி இது, சினிமாக் கொட்டாயா?"

"மெதுவாப் பேசு. அவர் தூங்குறாரு."

"இந்நேரத்துலயா?"

"நைட் ஷிப்ட்டுன்னா பின்ன எந்நேரத்துல தூங்குறது?"

"எத்தினி மாசமா?"

"எட்டு மாசமிருக்கும்."

நீ டம்ளரைத் தரையில் வைத்தாய். பாயசம் பாதிக்கு மேல் இருந்தது. ஜன்னலை, ஆணிகளை, கம்பளியைப் பார்த்தாய். பிறகு மிக மெதுவாக, "அந்த ரெண்டு சீட்டையும் நம்பாதடி" என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. நீ விளக்கினாய். "பரீட்சைல ராத்திரின்னு எழுதினோம். புழுவுக்குக் கடிகாரமா தெரியும்? ஆளு தூங்குறதுதான் அதுக்குத் தெரியும். அண்ணன் முழிச்சிருக்கற நேரமாப் பாத்து நான் ரத்தம் எடுத்திருக்கேன். ரெண்டு தடவ. பகல்ல, அவரு தூங்கறப்ப ஒருக்கா எடுக்கணும்."

நான் கேட்கிற நிலைமையில் இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு முந்தின இரவுதான் நிம்மதியாகத் தூங்கியிருந்தேன். "ரெண்டு தடவ இல்லன்னு நீயே எழுதிக் குடுத்துட்டு, இப்ப வந்து இப்படிச் சொல்றியே. அவருக்கு வியாதி இருக்கணும்னு உனக்கு ஆசையா?" என்று கேட்டுவிட்டேன்.

நீ கோபப்படவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது. "இருந்தாத் தெரியணும்னு ஆசை" என்றாய். செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உன் டம்ளரை அத்தைதான் எடுத்துக் கழுவினார். "அந்தப் பொண்ணு பொய் சொல்ற பொண்ணில்லம்மா" என்று கிணற்றடியிலிருந்து ஒரு குரல். கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பதினைந்து நாள் நீ வரவில்லை. நானும் வரவில்லை. ஒரு மத்தியானம் குழந்தை சிணுங்குகிறதே என்று இருட்டறைக்குள் போனேன். கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. வெளியே பங்குனி வெயில். தெருவில் ஒரு கொசு பறக்காது. ஆனால் உள்ளே, கம்பளி மறைவில், கொசுக்கள் ராத்திரி மாதிரியே ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தன. அவர் முழங்கையில் ஒன்று வயிறு புடைக்க உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எழுந்து, தடுமாறிப் பறந்து, குழந்தையின் தலைமாட்டுச் சுவரில் உட்கார்ந்தது. உள்ளங்கையால் அடித்தேன். சுவரிலும் கையிலும் ரத்தம்.

அவருடைய ரத்தம். நீ சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த அறையில் இதுதான் ராத்திரி.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் கிளினிக்குக்கு நடந்தே வந்தேன். நீ ஸ்லைடுகளைக் கழுவிக்கொண்டிருந்தாய். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நாளைக்கு எத்தினி மணிக்கு நல்லாத் தூங்குவாரு?" என்று கேட்டு நீ அதை அடைத்துவிட்டாய். பக்கத்து மேசையில் கண்ணாடி போட்ட சீனியர் டெக்னீஷியன் நிமிர்ந்து பார்த்தார். "பகல்ல எடுத்து ஃபைலேரியா பாக்கப் போறியா? என்னம்மா, மேட்னி ஷோவா?" என்று சிரித்தார். நீயும் சிரித்துக்கொண்டே, "டிக்கெட் உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வைக்கிறேன் சார்" என்றாய்.

மறுநாள் வீட்டில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். "எடுத்துக்க, ஆனா எழுப்பாத. ரத்தம் போனா ஊறும், தூக்கம் போனா ஊறாது" என்று அனுமதி கொடுத்திருந்தார். அத்தை தெருவாசலில் முறத்தோடு காவல் உட்கார்ந்துகொண்டார். மீன்காரம்மா கூடையோடு தெருவுக்குள் திரும்பியதும், "இன்னைக்கு எங்க வீட்டாண்ட மட்டும் வாய மூடிக்கிட்டுப் போ தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று மீன்காரம்மா ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை. நீ செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி உள்ளே வந்தாய். நான் டார்ச்சைப் பிடித்தேன். ஸ்பிரிட் பஞ்சால் அவர் விரலைத் துடைத்தாய். அந்த வாசனை இருட்டில் குளிர்ச்சியாகப் பரவியது. குத்தினாய். அவர் கண்ணைத் திறக்காமலே, "எந்த ஃபேஸ் போச்சு?" என்றார்.

"ஒண்ணும் போவல அண்ணா, தூங்குங்க" என்றாய். அவர் தூங்கிவிட்டார்.

இரண்டு கண்ணாடி. ஒன்றில் ரத்தத்தைத் தடித்த கோடுகளாகத் தீற்றிக் காயவைத்தாய். இன்னொன்றில் ஒரே ஒரு சொட்டு, அதன்மேல் மெல்லிய கண்ணாடித் துண்டு. "இது காயறதுக்குள்ள பாக்கணும், உசிரோட பாக்கலாம்" என்றாய். குழந்தையை யாரிடம் விடுவது என்று நான் ஒரு கணம் நின்றேன். நீ அதைக் கவனித்தாய். குழந்தையைத் தூக்கிக்கொண்டே உன்னோடு ரிக்ஷாவில் ஏறினேன். நீ ஸ்லைடு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரிக்ஷாக்காரரைத் திட்டினாய்.

மைக்ராஸ்கோப்பில் முதலில் நீ பார்த்தாய். உன் கை திருகைத் திருகிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. எழுந்து என்னை உட்கார வைத்தாய். "ஒரு கண்ண மூடாத. ரெண்டையும் தெறந்து வச்சுப் பாரு."

வெளிர் மஞ்சள் வெளிச்சத்தில் ரத்த அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. ஓரிடத்தில் மட்டும் ஒரு கலக்கம். அங்கே, கண்ணாடி நூல் மாதிரி ஒன்று, சுருண்டு, விரிந்து, மறுபடி சுருண்டு, சுற்றியிருந்த அணுக்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. எவ்வளவோ துடிப்பு, ஆனால் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான் பென்சிலால் வரைந்து மார்க் வாங்கியது அசையாத ஒன்று. இது என் வீட்டுக்காரரின் ரத்தத்தில் உயிரோடு துள்ளியது.

என் கண் நிறைந்துவிட்டது. "அழாதடி, லென்ஸ்ல படும்" என்று என்னை நகர்த்தினாய். பிறகு என் காதருகே, "காணாமத்தான் பயப்படணும். இப்பத்தான் கண்டுட்டோமே. மாத்திர இருக்கு" என்றாய். சீனியர் டெக்னீஷியன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த மில்லுல இன்னும் யார் யார் நிரந்தர நைட்டு?"

அன்று சாயங்காலம் நீயும் என்னோடு வீட்டுக்கு வந்தாய். அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும், "நான்தான் அவனுக்குக் குடுத்துட்டேனா?" என்று கேட்டார். அவர் அந்தக் கேள்வியை எத்தனை நாளாக வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

"கொசு குடுத்துது அத்தை" என்றாய் நீ. "போன மாசம் ராத்திரி உங்க வெரலயும் குத்துனேனே, ஞாபகமிருக்கா? உங்க ரத்தத்துல ஒண்ணுகூட இல்ல. கால் வீங்குனவங்க ரத்தத்துல பெரும்பாலும் இருக்காது. பாக்க நல்லாருக்கறவங்ககிட்டதான் இருக்கும்." அத்தைக்குச் சொல்வது போலத்தான் சொன்னாய். ஆனால் கடைசி வாக்கியத்தின்போது என்னைப் பார்த்தாய்.

குழந்தையை அத்தையிடம் நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. கீழே உட்கார்ந்து, புடவையை இழுத்துக் காலை மூடி, இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, பிறகுதான் நீட்டினார். குழந்தை அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. "அடி என் ராசாத்தி, புடுங்கிடாத" என்றார். ஒரு வருஷமாக ஒரே வீட்டில் இருந்த அந்த இருவரும் அன்றுதான் ஒருவரை ஒருவர் தொட்டார்கள். அந்த வெட்கத்தை நான் உன்னிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மாத்திரை தொடங்கிய நாளன்று நீ எச்சரித்தாய். "இன்னைக்கு ஜுரம் வரும், தலை வலிக்கும். வந்தா சந்தோஷப்படு, புழு சாவுதுன்னு அர்த்தம்." வந்தது. அவர் போர்த்திக்கொண்டு நடுங்க, நானும் அத்தையும் கட்டில் பக்கத்தில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தோம். "புருஷன் நடுங்குறான், பொண்டாட்டிக்கும் ஆத்தாளுக்கும் கொண்டாட்டமாக் கீது" என்று அவர் மெட்ராஸ் ஆள் மாதிரிப் பேசிக் காட்டினார். மாத்திரை போட்ட பன்னிரண்டு நாளும் நீயே வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு உன் கண் முன்னால் விழுங்க வைத்தாய். அறைக்குக் கொசுவலை வாங்கினோம். பின்னால் கழிவுநீர் தேங்கிய தொட்டியை மூடினோம்.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் பகல் பன்னிரண்டரை, மறுபடியும் டார்ச், மறுபடியும் வாசலில் அத்தை. இம்முறை மீன்காரம்மா தானாகவே வாயை மூடிக்கொண்டு போனார். மறுநாள் நீ சைக்கிளிலிருந்து இறங்காமலே, ஒரு காலை வாசற்படியில் ஊன்றிக்கொண்டு சொன்னாய்: "இப்ப நான் சொல்றேன், இல்ல." உள்ளே வந்து, பாயசம் காய்ச்சும்வரை உட்கார்ந்திருந்து, இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் போனாய்.

அதன் பிறகு நீயும் சீனியரும் மத்தியான வெயிலில் மில் தொழிலாளர்களின் வீடுவீடாகப் போனீர்கள். முதலில் கேலி செய்தவர்கள்கூட, தூங்குகிறவரின் கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார்களாம். இன்னும் சிலர் அப்படிக் கிடைத்தார்கள். கால் வீங்குவதற்கு முன்பே கிடைத்தார்கள். அவர்கள் யார் என்று நீ என்னிடம் சொன்னதில்லை. சைக்கிளில் போகும் உன்னைப் பார்த்து மில்லுக்காரர் யாராவது கும்பிட்டால், நானாகக் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

உன்னை எடுத்துக்கொண்டது மஞ்சள் காமாலை. மூன்றே வாரம். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, உன் விரலில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு நீ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். "நடுவுல குத்தாதம்மா, ஓரமாக் குத்து, வலிக்காது." அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

இப்போது மகளுக்கு ஏழு வயது. அத்தையோடுதான் தூங்குகிறாள். என் வீட்டுக்காரர் மில்லில் பகல் ஷிப்ட்டுக்கு மாறிவிட்டார். சிவப்புக் கோடு திரும்ப வரவே இல்லை. இரண்டு காலும் ஒரே அளவு. நான் இன்னும் அளக்கிறேன், அவருக்குத் தெரியாமல். போன வாரம் எங்கள் தெருவில் ராத்திரி ரத்தம் எடுக்க வந்தார்கள். மகளின் விரலைக் குத்தியபோது நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நேற்றுச் சீட்டு வந்தது: 'இல்லை'. சாமி படத்தை நோக்கிப் போன கால் பாதியில் நின்றது. ரத்தம் எடுத்தபோது மணி என்ன? பத்தரை. இவள் எத்தனை மணிக்குத் தூங்கினாள்? எட்டு மணிக்கு, வழக்கம்போல. தூக்கத்திலேயே தூக்கி உட்கார வைத்துத்தான் குத்தினார்கள். அப்படியானால் சரி. இந்த 'இல்லை'யை நான் நம்புகிறேன். உன் கேள்விகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு நம்புகிறேன்.

மகளுக்குக் குத்திய அதே ராத்திரியில் எதிர்வீட்டில் ரத்தம் எடுக்க வந்த பெண் நோட்டில் 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர் ஒரு குடோனில் இரவுக் காவல். அவர் மனைவிக்கு இது ஏழாம் மாதம். நான் தெருவைக் கடந்து போய், "எழுதாதம்மா. மத்தியானம் வா, அவர் தூங்கறப்ப" என்றேன்.

"பகல்லயா? பகல்ல புழு தெரியாதுங்களே அக்கா."

"அவருக்குப் பகல்தான் ராத்திரி. உங்க பழைய ரிஜிஸ்டர்ல பாரு, பகல் பன்னிரண்டரைன்னு நேரம் போட்டு எழுதியிருக்கும். சாஞ்ச கையெழுத்து."

அவள் நம்பாமல்தான் போனாள். இன்று காலை சைக்கிளில் திரும்பி வந்தாள். ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டாளாம். உன் கையெழுத்தையும் பார்த்துவிட்டாளாம். "இன்னைக்கு மத்தியானம் வரேன் அக்கா, நீங்களும் கூட இருங்க" என்றாள்.

எதிர்வீட்டு ஜன்னலில் திரை கிடையாது. அந்த மனிதர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு புரண்டுகொண்டிருப்பதாக அவர் மனைவி சொன்னாள். அரைகுறைத் தூக்கத்தில் எடுத்து ஏமாறக் கூடாது இல்லையா? பரணிலிருந்து கறுப்புக் கம்பளியை இறக்கி உதறி வெயிலில் போட்டிருக்கிறேன். வெள்ளையடிக்கிறவரைக் கூப்பிட்டு, ஜன்னல் மேல் இருந்த அந்த நாலு ஆணிகளையும் இப்போது பிடுங்கித் தரச் சொல்லிவிட்டேன். "காலைல வேணாம்னீங்க, இப்ப வேணுங்கறீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கித் தந்தார். துரு பிடித்திருந்தாலும் வளையவில்லை.

மணி பதினொன்றாகிறது. கம்பளி தோளில், ஆணி கையில், சுத்தியல் அத்தை கையில். வாசலில் முறத்தோடு உட்கார அவரும் வருகிறார்.